டியர்டிராப் டிரெய்லருக்கு ஜன்னல் ஏசியா, கூரை ஏசியா?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவச் சின்ன முகாம் வண்டிதான் டியர்டிராப் டிரெய்லர். அமெரிக்காவில் காரேஜிலேயே அடித்துச் செய்கிற இது பெரும்பாலும் 5 அடி அகலம், 8 அடி நீளம் இருக்கும். உள்ளே உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கம் ஜூலை மாதத்தில் இந்தப் பெட்டிக்கு ஏசி வேண்டும் என்பதில் தகராறே இல்லை. எந்த ஏசி என்பதுதான் கேள்வி. என் ஓட்டு 5,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஜன்னல் ஏசிக்குத்தான். காரணம் விலை மட்டுமல்ல.

முதலில் கூரை ஏசி. பெரிய வண்டிகளில் 14 அங்குலச் சதுர ஓட்டையில் உட்காருமே, அதுதான். 13,500 பிடியு, அதாவது ஒரு டன்னுக்கும் மேல். எடை 35 முதல் 45 கிலோ. டியர்டிராப்பின் கூரையோ மெல்லிய ப்ளைவுட்டை வளைத்து ஒட்டியது. கீழே தனிச் சட்டம் கொடுக்காவிட்டால் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் மழைநீர் தேங்கும், பிறகு ஒழுகும். இன்னொரு சங்கடம், இவ்வளவு சின்ன இடத்துக்கு அது அளவுக்கு மிஞ்சிய சக்தி. சில நிமிடத்தில் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது. குளிர் இருக்கும், போர்வை பிசுபிசுக்கும். நின்று நடமாடும் உயரமுள்ள, 14 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால் பேச்சு வேறு.

சக்கரம் வைத்த, ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசியைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். படுக்கையில் ஒரு ஆள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்காற்றையே குழாய் வழியாக வெளியே தள்ளுவதால், அந்தக் காலி இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெளிச்சூடு உள்ளே வரும். தள்ளத் தள்ள வரும்.

பேட்டரியில் நேரடியாக ஓடும் 12 வோல்ட் ஏசி ஆசை காட்டும். காட்டுக்குள் மின்சாரமே இல்லாத இடத்தில் தங்குபவர்களுக்கு அதுதான் சரியாக வரலாம். ஆனால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1,280 வாட்-மணி. 450 வாட் இழுக்கும் இயந்திரம் இடைவிடாமல் ஓடினால் மூன்று மணி நேரம்கூட வராது. விட்டு விட்டு ஓடினால் கொஞ்சம் நீளும், விடியும்வரை போதாது. இந்த வகை எத்தனை கோடை தாங்கும் என்று அடித்துச் சொல்லுமளவு எனக்குப் பழக்கமில்லை.

இனி ஜன்னல் ஏசி. நம்மூர்க் கணக்கில் அரை டன்கூட இல்லை. ஆனால் 150 சதுர அடி அறைக்கென்று விற்கிற சாதனம், 40 சதுர அடிப் பெட்டிக்குத் தாராளம். எடை 18 கிலோ அளவில். 115 வோல்ட்டில் நான்கைந்து ஆம்பியர்தான் இழுக்கும், 2,000 வாட் ஜெனரேட்டரே ஓட்டிவிடும். பழுதானால் பக்கத்துக் கடையில் கிட்டத்தட்ட அதே அளவில் புதியது வாங்கிச் செருகலாம். கையால் திருகும் குமிழ் வைத்த மாடலாக வாங்குங்கள். மின்சாரம் போய் வந்தாலும் தானே ஓடும்.

இவ்வளவு சாதகம் இருந்தும் பலர் இதில் தோற்பது ஒரே இடத்தில்: சூடான காற்று வெளியேறும் வழி. ஜன்னல் ஏசி பக்கவாட்டுத் துளைகளில் வெளிக்காற்றை இழுத்து, பின்பக்கக் கண்டென்சர் (உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் பகுதி) வழியாகச் சூடாக்கித் தள்ளும். வீட்டில் இவை இரண்டும் திறந்த வெளியில் இருக்கும். டிரெய்லரில் அழகுக்காக அலமாரிக்குள் அடைத்துவிடுகிறோம். தள்ளிய சூடு சுற்றிவந்து மறுபடி பக்கத் துளைக்குள்ளேயே போகும். அரை மணியில் கம்ப்ரசர் சூடேறி 'டக்' என்று நிற்கும், விசிறி மட்டும் சுற்றும். சில நிமிடம் கழித்து மறுபடி டக். ஏசி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே மேசைமேல் நன்றாக ஓடும்.

தீர்வு, அந்த அலமாரிக்குள் ஒரு தடுப்பு. கண்டென்சரின் பின்முகத்தைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டி, வெளிச்சுவர் ஓட்டையோடு இறுக்கமாகப் பொருத்த வேண்டும். போகிற காற்றுக்கு அந்த ஒரு வழிதான். வருகிற காற்றுக்கு இரு பக்கமும் தனி ஓட்டை. ஓட்டைக்கு லூவர் பலகை (சாய்ந்த பட்டைகள் அடுக்கியது) போட்டால் அதன் பாதிப் பரப்புத்தான் உண்மையில் திறந்திருக்கும், கொசுவலை இன்னும் கொஞ்சம் தின்னும். அதனால் ஓட்டையை இரு மடங்கு பெரிதாக வெட்டுங்கள். பக்கத் துளை அருகே ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். வெளி நிழலைவிட 5 டிகிரிக்கு மேல் காட்டினால் தடுப்பில் எங்கோ கசிவு.

அடுத்து தண்ணீர். ஏசி வெளிப்பக்கம் கால் அங்குலம் சாய்ந்திருக்க வேண்டும், அடியில் அலுமினியத் தட்டும் தரை வழியாக அரை அங்குலக் குழாயும் வேண்டும். ஏசியின் பின்முகம் டிரெய்லரின் முன்பக்கம் பார்த்திருந்தால், முகாமில் டிரெய்லரின் மூக்கை ஜாக்கியில் ஒரு சுற்று இறக்கி வையுங்கள். மூக்கு தூக்கியிருந்தால் தண்ணீர் மெத்தைக்கு வரும். வெட்டிய ப்ளைவுட் விளிம்புகளுக்கு எபாக்ஸி (இறுகி நீரைத் தடுக்கும் பிசின்) பூசாமல் விட்டால் ஒரே கோடையில் உப்பிவிடும்.

ஏசியின் தகர உறையில் கண்டபடி துளை போடாதீர்கள். உள்ளே வாயுக் குழாய் எங்கே ஓடுகிறதென்று தெரியாது. முக்கால் அங்குலப் பலகைமேல் ரப்பர் வைத்து, அடித்தட்டை எல் வடிவ இரும்பால் பிடியுங்கள். ஓடும்போது புழுதியும் மழையும் புகாமலிருக்க வெளித்துளைகளுக்கு மூடி போடுவார்கள். அதைக் கழற்றாமலே சுவிட்சைப் போட்டாலும் அதே 'டக்' சத்தம்தான். மூடியின் கயிற்றை ஏசியின் பிளக்கோடு கட்டி வைத்தால் மறக்காது.

ஜெனரேட்டரில் ஓட்டினால் அதை 20 அடிக்கு அப்பால், புகைக்குழாய் டிரெய்லரைப் பார்க்காதபடி வையுங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் படுக்கவே வேண்டாம். கூரை விசிறியின் மூடியையும் ஒரு விரல் திறந்து வையுங்கள், இரண்டு பேர் மூச்சுக்கு அந்தப் பெட்டி சின்னது.