கீழ்வீட்டு ஃப்ரிட்ஜும் மாடி ஃப்ரிட்ஜும்

எங்கள் வீட்டில் இரண்டு ஃப்ரிட்ஜ். கீழே அம்மாவிடம் இருப்பது ஒற்றைக் கதவு, 190 லிட்டர், ஐஸ் கட்டினால் பட்டனை அழுத்திக் கரைக்க வேண்டிய ரகம். மாடியில் என்னிடம் இருப்பது இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். வியாழக்கிழமை ரசத்துக்குத் தேடினால் என்னுடையது காய்ந்து துவண்டு கிடந்தது. அம்மாவுடையது மேலே பச்சைப்பசேல், அடியில் கொழகொழவென்று அழுகி ஒரு வாடை.

"உன் பெட்டி காய வைக்குது, என் பெட்டி ஊற வைக்குது" என்றாள் அம்மா.

விஷயம் அவ்வளவுதான். ஃப்ரிட்ஜை அடுக்குவது பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள்: பால் இங்கே, காய் அங்கே, மீன் கீழே. எந்த ஃப்ரிட்ஜ் என்று முதலில் கேட்பவர்கள் குறைவு.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் விசிறி கிடையாது. ஃப்ரீசரைச் சுற்றியுள்ள குழாய்தான் குளிரைத் தருகிறது, குளிர்ந்த காற்று கனத்துத் தானாகக் கீழே இறங்குகிறது. அதனால் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் சில்லர் ட்ரேயில் கடுங்குளிர், கீழே போகப் போகக் குறைச்சல். காற்று அவ்வளவாக ஓடாததால் ஈரம் உள்ளேயே தங்கும். காய்கறிப் பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொட்டுதான் கொத்தமல்லியை அழுக வைத்தது. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் விசிறி குளிர்காற்றை எல்லாத் தட்டுக்கும் தள்ளுகிறது. அந்தக் காற்றின் ஈரம் பின்னால் மறைந்திருக்கும் குழாயில் பனியாகப் படியும். சிறு ஹீட்டர் ஒன்று அவ்வப்போது அதை உருக்கி வெளியேற்றிவிடும். நமக்கு ஐஸ் சுரண்டும் வேலை மிச்சம். ஆனால் உள்ளே ஓடுவது வறண்ட காற்று. மூடாமல் வைத்த எதுவும் காயும்.

ஆகவே கீரைக்கு இரண்டு வீட்டிலும் நேர்மாறான வைத்தியம். அம்மாவின் பெட்டியில் கீரையைக் கழுவாமல், வேரை நறுக்கிவிட்டு, உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி வைக்கிறோம். துணி ஈரமானால் மாற்ற வேண்டும். என்னுடையதில் துணியை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து, சுற்றி, மூடி போட்ட டப்பாவுக்குள் வைக்கிறேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இரண்டு வீட்டுக்கும் கிழிபட்டது. அதற்கு முன் அம்மா தினத்தாளில்தான் சுற்றுவாள். ஈரத்தை உறிஞ்சுவதில் தாளை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால், உணவைப் பொதியவும் சேமிக்கவும் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளே சொல்கின்றன. வேட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பெட்டியானாலும் பழுத்த மாம்பழம், ஆப்பிள், தக்காளி பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். வாழைப்பழம் ஃப்ரிட்ஜுக்கே வேண்டாம், தோல் கறுத்துப் போகும்.

அடுத்து மீன். எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை வந்த இடம் இது. பச்சை மீனையும் கறியையும் எல்லாவற்றுக்கும் கீழே வை, அதன் நீர் சமைத்த உணவில் சொட்டக் கூடாது என்பது உலகம் முழுக்கச் சொல்லும் விதி. என் பெட்டியில் அது அப்படியே செல்லும். விசிறி இருப்பதால் கடைசித் தட்டும் போதிய குளிரோடு இருக்கிறது. அம்மா பெட்டியில் அதே விதியைப் பின்பற்றினால் மீன் போய் உட்காருவது குளிர் குறைந்த இடத்தில். நான் படித்ததை வைத்துச் சங்கரா மீனைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மறுநாள் காலை வாடையே சொல்லிவிட்டது. "சில்லர்ல வச்சிருந்தா இப்படி ஆகுமா?" என்ற ஒரு கேள்வியோடு அம்மா விட்டாள் என்பது அவளுடைய பெருந்தன்மை.

ஆனால் அவள் பழைய வழியும் சரியில்லை. கடைக்காரர் கொடுத்த பையோடு சில்லரில் போட்டுவிடுவாள். பை ஓட்டையானால் கீழே இருக்கும் தயிர், சட்னி எல்லாவற்றிலும் மீன் தண்ணீர். இப்போது கண்ட சமரசம்: கழுவி நீரை வடித்து, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் அடைத்து, சம்படத்தையும் விளிம்புள்ள தட்டில் வைத்து, சில்லரில். அதுவும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். இந்த ஒரு விஷயத்தில் என் பெட்டிக்குத்தான் என் ஓட்டு, தயக்கமே இல்லை.

பாலுக்கும் இதே கணக்கு. கதவில் பாட்டில் வைக்கும் இடத்தைப் பார்த்தால் பால் பாக்கெட்டுக்கென்றே செய்தது போல இருக்கும். இரண்டு பெட்டியிலும் அதிகம் சூடேறுவது கதவுதான், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அடிக்கும். அங்கே தண்ணீர் பாட்டில், ஊறுகாய், சாஸ் போதும். பால் அம்மாவிடம் சில்லருக்குக் கீழ்த்தட்டில், என்னிடம் நடுத்தட்டின் உட்பக்கம். ரொம்பப் பின்னால் தள்ளிக் காற்று வரும் துளையை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அந்தப் பாக்கெட் உறையும், மற்ற தட்டுகள் குளிராது.

சரி, குளிர் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? திருகில் உள்ள 1, 2, 3 எல்லாம் டிகிரி அல்ல, பெரும்பாலான பெட்டிகளில் எண் ஏற ஏறக் குளிர் கூடும். அம்மா பல வருடம் தலைகீழாக நினைத்துக்கொண்டு கோடையில் 2-இல் வைத்திருந்தாள். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், ஃப்ரீசரில் மைனஸ் 18. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. நான் அதையும் முயன்று பார்த்தவள்தான்.

சாம்பார் மிஞ்சினால்? சூடாகவே உள்ளே வைப்பதா, ஆறிய பிறகா என்பது பழைய வழக்கு. அம்மா கட்சி ஆற வேண்டும் என்பது. மதியச் சாம்பார் அடுப்படியில் இருந்து இரவு பத்து மணிக்குத்தான் உள்ளே போகும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. மதுரை மதியத்துக்கு எந்த வரம்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக ஒரு குண்டான் கொதிக்கும் சாம்பாரை அம்மாவின் சின்னப் பெட்டியில் ஏற்றினால் பக்கத்துப் பால் சூடாகும், ஃப்ரீசரில் பனி கட்டும். விசிறியுள்ள பெட்டி சீக்கிரம் சமாளித்துக்கொள்ளும், இருந்தாலும் குண்டானோடு வேண்டாம். அகலமான இரண்டு பாத்திரத்தில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் உட்கார வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்பது இங்கே எடுபடாது.

பாத்திரச் சண்டை இதையெல்லாம் விடச் சின்னது. எவர்சில்வர் சீக்கிரம் குளிர்கிறது, நேராக அடுப்பில் ஏறும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அம்மாவின் பெட்டியில் மறந்துபோன வத்தக்குழம்பு இரண்டு வாரம் கழித்துக் கிடைத்ததுண்டு. கண்ணாடியில் எல்லாம் தெரியும், கனமும் விலையும் கூடுதல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் வைத்தால் விரிசல் விடலாம். பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறையும் மீன் வாடையும் போகவே போகாது. கொத்தமல்லி டப்பாவுக்கு மட்டும் அது சரி.

இட்லி மாவில் கீழ்வீடு ஜெயிக்கிறது என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். புதிதாகப் பொங்கிய மாவை எதிலும் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. குளிரிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும், வாயு விடும். இறுக்கி மூடிய என் டப்பா ஒரு நாள் ராத்திரி மூடியைத் தள்ளி, மாவு வழிந்து, கீழே கத்தரிக்காய் மேலெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அம்மா தட்டு போட்டு மூடுவாள், அவ்வளவுதான். பெட்டிக்குள் ஈரம் இருப்பதால் மாவின் மேல் ஏடு காய்வதும் குறைவு. ஆனால் அங்கே புளிப்பு வேகமாக ஏறும், மூன்றாம் நாள் ஊத்தப்பம்தான். என்னிடம் நாலாம் நாளும் தோசை வார்க்கலாம், மேலே காய்ந்த ஏட்டை வழித்து எறிந்துவிட்டு.

ஒற்றைக் கதவு வாங்கியவர்களுக்கு ஒன்று. ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டர் தடித்ததும் பட்டனை அழுத்திவிடுங்கள். பொறுமையிழந்து கத்தியால் நெம்பாதீர்கள். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் நான் நெம்பினேன். குழாயில் ஓட்டை, "உஸ்" என்று ஒரு சத்தம், கேஸ் போயிற்று. ஐஸ் பிடிக்காத பெட்டி வேண்டும் என்று எனக்கு வந்த வைராக்கியம் அன்று வந்தது.

கரண்ட் போனால் இரண்டும் ஒன்றுதான். கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். எவ்வளவு குளிர் மிச்சம் என்று திறந்து திறந்து பார்ப்பவர்கள்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் அது அப்பா.

இரண்டு பெட்டி இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். மின்செலவும் விலையும் குறைவு என்று ஒன்று மட்டும் வாங்குகிறவர்கள், இரண்டு பேர் உள்ள வீடாக இருந்து, அன்றாடம் காய் வாங்குகிறவர்களாக இருந்தால் ஒற்றைக் கதவே போதும். வாரத்துக்கு ஒருமுறை மீனும் கறியும் வாங்கி அடைக்கிற வீட்டுக்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ. நாங்கள் இப்போது பங்கு பிரித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை மீன் சம்படம் படியேறி மேலே வரும், கொத்தமல்லியும் முருங்கைக்கீரையும் கீழே இறங்கும். ரசம் கொதிக்கும் நேரத்தில் கொத்தமல்லிக்காக நான்தான் பதினெட்டுப் படி இறங்கி ஏறுகிறேன்.