கொலம்பைன் நாற்று வாங்கி 186 டாலர் ஏமாந்தேன், கொலராடோவில் இருப்பவர்கள் கவனியுங்கள்

காலையில் நாற்று விற்றவரின் கடைசிப் பதில் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலையேறப் போகும்போதெல்லாம் பாறை இடுக்கில் நிற்கும் நீலக் கொலம்பைன் பூவுக்காகவே நின்றுவிடுவேன். வெளியிதழ் நீலம், நடுவில் வெள்ளைக் கிண்ணம், பின்பக்கம் வால் மாதிரி நீளும் ஐந்து குழல்கள். 1899 முதல் கொலராடோவின் மாநில மலர். பொது நிலத்தில் அதை வேரோடு பிடுங்கக் கூடாது என்று 1925லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சரி, முறையாகக் காசு கொடுத்தே வாங்குவோம் என்று நினைத்தேன்.

நாட்டுச் செடிகள் மட்டுமே விற்பதாகச் சொல்லும் ஒரு இணையக் கடை. 12 நாற்று, அனுப்பும் செலவோடு 186 டாலர். நான் தயங்கியதும் கடைக்காரரே ஃபோனில் பேசினார். “எங்கள் சொந்த நிலத்து மலைச்சரிவில் எடுத்த விதை, கலப்பே கிடையாது” என்றார். விதையை எத்தனை வாரம் குளிரில் வைத்தார், எப்படி முளைத்தது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். செடியை இவ்வளவு நேசிக்கிறவர் பொய் சொல்வாரா? அந்த நிமிடமே பணம் கட்டினேன்.

போன வசந்தத்தில் நட்டேன். முதல் வருடம் இலை மட்டும்தான், அது இயல்பு. போன வாரம் பூத்தது. அடர் ஊதா, தலை தொங்கிக்கொண்டு, குட்டை வால் கொக்கிபோல வளைந்து. ஐரோப்பாவிலிருந்து வந்த சாதாரணத் தோட்டக் கொலம்பைன்! நம் மலைப்பூ நிமிர்ந்து பார்க்கும், வால் நேராக 4, 5 சென்டிமீட்டர் வரை நீளும். அதன் நுனியில் இருக்கும் தேனுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகள் வரும்.

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். “மண்ணைப் பொறுத்து நிறம் மாறும்.” நிறம் மாறட்டும், வால் எப்படி வளையும் என்று கேட்டேன். “30 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும்.” இரண்டாம் வருடம் பூக்கிற செடிக்கு 30 நாளாம்! அப்புறம் ஃபோனையே எடுக்கவில்லை. இன்று காலை ஒரே வரி: “விற்பனை முடிந்துவிட்டது.”

186 டாலரைவிட இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்குகிறது. கொலம்பைன்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். என் வேலிக்குப் பின்னாலேயே மலை ஏறுகிறது. மலைப்பூவோடு இது கலந்துவிடக் கூடாதே என்று, விதை பிடிப்பதற்குள் அத்தனை பூவையும் வெட்டிப் போட்டேன்.

வாங்குகிறவர்கள் பூத்த செடியை நேரில் பார்த்து வாங்குங்கள். நம் மலைப்பூவின் அறிவியல் பெயரான அக்விலீஜியா சீருலியா என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபோனில் சொல்வதை நம்பாதீர்கள். கார்டு கம்பெனிக்கு 186 டாலருக்கும் புகார் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை.