சிங்கப்பூரா, கட்டுபெத்தையா, வீட்டு மேசையா?

வங்கியொன்றின் திறைசேரிப் பிரிவில் வேலை பார்க்கும் என் மருமகன், நிதிச் சந்தைக் கணக்குகளைக் கணிதமும் நிரலாக்கமும் கொண்டு போடும் நிதிப் பொறியியலில் முதுமாணி படிக்க வேண்டுமென்று வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தான். கையில் மூன்று பல்கலைக்கழகங்களின் விபரத் தாள்கள். மூன்றிலும் கட்டணத்தை மட்டும் வட்டமிட்டிருந்தான்.

"அரசு கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியல் ஒன்று, ஒரு வருடம் கழித்துத் திருப்பித் தரும் முகப்பெறுமதி 100 ரூபா. வட்டி 8 வீதமென்றால் என்ன விலை? 30 வீதமென்றால்?" என்றேன். 92.59, 76.92 என்று உடனே சொன்னான். 2022இல் அவன் மேசையிலேயே பார்த்த கணக்கல்லவா! "அந்த வட்டி நாளுக்கு நாள் தற்செயலாக ஏறி இறங்கினால் விலை எப்படி மாறும்? சமன்பாடு எழுது." பேனா நின்றுவிட்டது. தாள்களை நான் ஒப்பிட்டது அந்த இடத்தை வைத்துத்தான்.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கற்பிப்பிலும் சக மாணவர்களிலும் மற்ற இரண்டையும் விட மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரூபாவில் சம்பாதித்து வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டு போகக் காத்திருந்த பிள்ளைகளின் சேமிப்பு இரண்டே மாதத்தில் கிட்டத்தட்டப் பாதியானது. படித்துத் திரும்பினாலும், ஒப்ஷன்களுக்கென்று (குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) சுறுசுறுப்பான சந்தை கொழும்பில் இல்லை. அங்கேயே தங்கிவிடும் எண்ணமிருந்தால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

கட்டுபெத்தையிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு நிதிக் கணிதம் என்று பெயர். பெயரில் 'பொறியியல்' இல்லையென்று மருமகனுக்கு மனக்குறை. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கணிதத் துறையினர் நடத்துவதால், அவன் பேனா நின்ற இடத்தைச் சூத்திரத்தை மட்டும் கொடுத்துத் தாண்டிப் போக மாட்டார்கள். வேலையை விடவும் வேண்டாம். 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே நேராகப் போய்விடலாம். படித்ததைப் போட்டுப் பார்க்க இங்கே பொருளும் உண்டு. 2024 டிசம்பர் கடன் மறுசீரமைப்பில் நாடு வெளியிட்ட முறிகளில் (நீண்டகாலக் கடன் பத்திரங்களில்) ஒரு பகுதி, 2025 முதல் 2027 வரையான பொருளாதார உற்பத்தியைப் பொறுத்துக் கொடுப்பனவு கூடிக் குறைபவை. அவற்றுக்கு விலை போட்டுப் பார்ப்பதற்கு மேல் என்ன செய்முறைப் பயிற்சி வேண்டும்?

வீட்டு மேசைக்கு வருவது வேர்ல்ட்குவான்ட் பல்கலைக்கழகம். இணையவழி, இரண்டு வருடம், கல்விக் கட்டணம் கிடையாது. பைத்தன் நிரல்மொழி நன்றாகப் பழகிவிடும். குழு வேலைதான் சோதனை: பிரேசிலில் ஒருவர், நைஜீரியாவில் ஒருவர், கொழும்பில் நீங்கள் என்று அமைந்தால் கூட்டத்துக்கு நேரம் குறிப்பதே தனிக் கணக்காகிவிடும். கணிதம் கைவசமிருந்து நிரலாக்கம் மட்டும் போதாதவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மருமகனின் நிலை நேர்மாறு.

எஃப்.ஆர்.எம். என்ற நிதி இடர் முகாமையாளர் சான்றிதழ்ப் பரீட்சை போதாதா என்று அக்கா கேட்டார். இரண்டு பகுதிகள், தலா நான்கு மணித்தியாலம், எல்லாம் பல்தேர்வு வினாக்கள். வங்கி மேலதிகாரிகளுக்குத் தெரிந்த பெயர். இடர் முகாமைத்துவத்தில் பதவி உயர்வுக்கு உதவும். ஆனால் சமன்பாட்டை எழுதப் பழக்காது.

ஆகவே கட்டுபெத்தைதான் என்றேன். விண்ணப்பிக்க முதல், உயர்தரத்தில் எழுதிய இணைந்த கணிதக் கொப்பிகளை எடுத்து நுண்கணிதத்தையும் நிகழ்தகவையும் மீட்டுப் பார்க்கச் சொன்னேன். அவற்றை அக்கா எப்போதோ பழைய கடதாசிக்காரருக்கு விற்றுவிட்டாராம்.