பச்சைக் குழந்தைக்கு ஆக்சிமீட்டர்: எதை வாங்கலாம், எப்படிப் பார்க்க வேண்டும்

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று ஒளி பாய்ச்சி அளக்கும் கருவிதான் ஆக்சிமீட்டர்; பிறவியிலேயே மோசமான இதயக் கோளாறு உள்ள குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் கண்டுபிடிக்க இது உதவும். குமரி-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் பிரசவம் பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரிகளுக்குக் கையடக்க ஆக்சிமீட்டரும், பாதத்தில் சுற்றிக் கட்டும் பச்சைக் குழந்தை புரோப்பும் (ஒளியை அனுப்பி வாங்கும் பகுதி) போதும். விரலில் மாட்டும் கிளிப் வகையை இதற்கு வாங்கவே கூடாது. பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப் பிஞ்சுப் பாதத்தில் நிற்காது. நின்றாலும் ஒளி பக்கவாட்டில் கசிந்து தப்பான எண் வரும். வேறு கம்பெனி புரோப்பை விலை குறைவு என்று மாட்டினாலும் எண்ணை நம்ப முடியாது.

குழந்தை நீலமாக இருந்தால் கண்ணுக்கே தெரியாதா? பெரும்பாலும் ஆக்சிஜன் 80 சதவீதத்துக்குப் பக்கம் இறங்கினால்தான் தெரியும். மாநிறக் குழந்தையிலும் இரத்தம் குறைந்த குழந்தையிலும் இன்னும் தாமதம். அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது.

அமெரிக்கக் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் கண்டுபிடித்ததும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்து, பிறந்த பிறகு தானாக மூடிக்கொள்ளும் டக்டஸ் என்ற குழாய் திறந்திருக்கும் வரை சில நீலக் குழந்தைகள் தாக்குப்பிடிக்கிறார்கள், மூடியதும் மோசமாகிறார்கள் என்று அவர் கவனித்தார். அப்படியானால் அந்தக் குழாயைச் செயற்கையாக உண்டாக்கலாமே என்ற அவரது யோசனையை, விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் நாய்களில் செய்து பழகிய முறைப்படி, அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலாக் 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரில் ஒரு குழந்தைக்குச் செய்தார். கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்த அறுவை அது. அதே குழாய்தான் இன்று சோதனை நேரத்தையும் தீர்மானிக்கிறது: பிறந்து 24 மணி நேரத்துக்கு முன் பார்த்தால் வீண் அலாரம் கூடும், ரொம்பத் தள்ளிப்போட்டால் குழாய் மூடிவிடும். சீக்கிரமே டிஸ்சார்ஜ் ஆகிற குழந்தைக்கு, கிளம்பும் முன்பாவது பார்த்துவிடுங்கள்.

அளக்க வேண்டிய இடம் இரண்டு: வலது கை, ஏதாவது ஒரு பாதம். இடது கை வேண்டாம்; அதற்குப் போகும் தமனி டக்டஸுக்கு மிக அருகில் பிரிகிறது. பாதத்தின் வெளி ஓரத்தில் ஒளிரும் பக்கமும் வாங்கும் பக்கமும் நேருக்கு நேர் வரும்படி சுற்றுங்கள். இறுக்கினால் இரத்தம் நின்றுபோகும். குழந்தை அழாமல் இருக்க வேண்டும். கால் குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்குங்கள். மஞ்சள் காமாலை விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு, புரோப்பைத் துணியால் மூடுங்கள். கருவித் திரையில் அலை சீராகி, கருவி காட்டும் நாடித்துடிப்பு ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதோடு ஒத்துப்போன பிறகே எண்ணை எழுத வேண்டும்.

இரண்டிலும் 95-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்குள் இருந்தால் சரி. ஒன்றில் 90-க்குக் கீழ் வந்தால் உடனே குழந்தை மருத்துவரை அழையுங்கள். இந்த இரண்டிலும் சேராவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய அட்டவணையில் இரண்டு முறை வரை மறுபரிசோதனை உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2025-இல் அதை ஒன்றாகக் குறைத்துவிட்டது. 94-ஐ 95 என்று எழுதும் பழக்கம் மிகக் கெட்டது. கருமையான தோலில் கருவி சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும்.

இதன் குறை ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதய ஓட்டை பலதையும், மகாதமனி சுருக்கம் சிலதையும் இது காட்டாது. "100 வந்திருக்கு, இதயம் நல்லா இருக்கு" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்ப்பதை எந்தக் கருவியும் ஈடு செய்யாது. காது மந்தமான டாசிக்கும் விரல்களால்தான் பரிசோதித்தார்.

எக்கோ (இதய ஸ்கேன்) இல்லாத இடமென்றால், 30 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு அனுப்புங்கள்; ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் குழந்தை இதயப் பிரிவு உண்டு. டக்டஸைத் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைத் தொடங்கினால் மூச்சு நிற்கலாம். ஆம்புலன்ஸில் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையும் அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். கேரளக் குடும்பங்களுக்கு 2017 முதல் குழந்தைகளின் இதய சிகிச்சைக்கான ஹிருத்யம் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகவரி என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.