வாள் பூண்களின் கருமை: உருஷியா, துருவா, ஷகுடோவா?

ஜப்பானிய வாளின் கைக்காப்புத் தகடான ட்சுபாவுக்கும் பிடியின் இரு முனைப் பூண்களுக்கும் கருநிறம் கொடுக்க அந்நாட்டுக் கைவினைஞர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைக் கையாண்டனர். இரும்பின் மீது உருஷி மரப்பாலைப் பூசிச் சுட்டெடுப்பது ஒன்று. இரும்பையே பக்குவமாகத் துருவேற விட்டு நிறம் வரவழைப்பது மற்றொன்று. இரும்பை ஒதுக்கிவிட்டு, பொன் கலந்த செம்பாகிய ஷகுடோவை எடுத்துக்கொள்வது மூன்றாவது. சேகரிப்பாளர்களில் பலர் முதல் வழியைக் குறைத்தே மதிக்கின்றனர். இடுப்பில் செருகி மழையிலும் வெயிலிலும் அலைந்த ஒரு கருவிக்கு அதுவே தலைசிறந்த காப்பு என்பது என் கணிப்பு.

உருஷிப்பால் இயல்பாக இறுகுவதற்குச் சூடு தேவையில்லை. ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள பெட்டிக்குள் வைத்தால், பாலில் இருக்கும் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அதைக் கெட்டிப்படுத்திவிடும். மரத்தாலான வாளுறைக்கு இம்முறையே போதும். உலோகத்தில் இவ்வாறு இறுகிய பூச்சு நெடுநாள் பிடித்து நிற்பதில்லை. ஆகவே இரும்பின் மீது மெல்லிதாகத் தடவி, 100 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் சுடுவார்கள். அச்சூட்டில் நொதி செயலிழந்துவிட்டாலும், பாலின் மூலப்பொருளான உருஷியால் தானாகவே பிணைந்து இறுகி, இரும்போடு உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. போர்க்கவசங்களின் இரும்புத் தகடுகளையும் இப்படித்தான் காத்தனர். இறுகிய உருஷியை அமிலமோ சாராயமோ எளிதில் கரைப்பதில்லை. அதை மெல்ல அரிப்பது வெயிலின் புற ஊதாக் கதிர்தான்; ஒளி பட்டுப் பட்டு மேற்பரப்பு மினுக்கம் இழந்து சாம்பல் பூத்துவிடும்.

துருப்படலத்தின் சிறப்பு வேறு. ஓவாரிப் பகுதியின் இரும்பு ட்சுபா ஒன்றின் விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், சம்மட்டியால் அடித்துப் பிணைத்த இரும்பில் கடினமான பகுதிகள் மட்டும் சிறு முடிச்சுகளாகப் புடைத்துத் தெரியும். டெக்கொட்சு எனப்படும் இந்த இரும்பெலும்புகளையும், கருமைக்குள் ஊதா சாயல் இழையும் வழவழப்பையும் பார்ப்பதற்காகவே அத்தகைய ட்சுபாவை விரும்புவோர் உண்டு. தடித்த உருஷிப் பூச்சு இவற்றையெல்லாம் மூடிவிடும். இவ்வகையில் அது தோற்றுப்போகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் துருப்படலத்துக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். கவனம் தவறி ஈரம் தங்கினால், நல்ல கருந்துருவின் மேலேயே செந்துரு கிளம்பிவிடும்.

ஷகுடோவைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. செம்பில் பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு பொன் சேர்த்து, ரொகுஷோ என்னும் செம்புக் களிம்பு கரைத்த நீரில் காய்ச்சினால் நீலம் கலந்த கருமை வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் ஷோகன் என்னும் படைத்தலைமை ஆட்சியாளரான அஷிகாகா யோஷிமாசாவிடம் பணியாற்றிய உலோகக் கைவினைஞர் கோட்டோ யூஜோவின் வழிவந்தவர்கள் இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றனர். எடோ காலத்தில் (1603–1868) அரசவைக்குச் செல்லும் சாமுராயின் வாளில் மீன்முட்டை போன்ற புள்ளிகள் பொறித்த ஷகுடோப் பூண்கள் இடம்பெறுவதே மரபாயிற்று. அழகில் இதற்கு ஈடு இல்லை. எனினும் அப்படலம் மிக மெல்லியது. உராயும் மேடுகளில் தேய்ந்து செம்பின் சிவப்பு எட்டிப்பார்க்கும்.

இன்று கைக்கு வரும் பழம்பொருளில்தான் இந்த ஒப்பீடு சிக்கலாகிறது. கையெழுத்துப் பொறிக்கப்படாத பழைய இரும்பு ட்சுபாக்கள் சிலவற்றில், துளை வேலைப்பாட்டின் உட்சுவர்களிலும் செதுக்கலின் பள்ளங்களிலும் மட்டும் உருஷி கருகருவென்று தேங்கி நிற்க, மேடுகளில் இரும்பு வெளிப்பட்டிருக்கும். இதை அழுக்கு என்றெண்ணிச் சுரண்டுவோர், அந்தப் பொருள் முதலில் எப்படி இருந்தது என்பதற்கான சான்றையே அழித்துவிடுகின்றனர். பூச்சு செதிலாக எழும்பி அதனடியில் செந்துரு பரவியிருந்தால் மட்டும் தேர்ந்த பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றபடி உலர்ந்த மென்துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைப்பதே போதும். கத்தியலகுக்குப் பூசும் எண்ணெயை இதன்மேல் தடவ வேண்டியதில்லை.