அப்பாவின் பழைய ஆம்ப்பும் மூன்று மலிவு டேக்குகளும்: எது எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய ஆம்ப்ளிபையரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் சீட்டுப் பணத்தில் வாங்கியவை. ஆம்ப்பின் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ ஓட்டைகள் மட்டும்தான். புது டிவியிலோ ஹெட்போன் ஓட்டை கிடையாது, ஆப்டிக்கல் வாசல் ஒன்றுதான் உண்டு. என் போனில் யூஎஸ்பி-சி தவிர வேறு வழியில்லை. லேப்டாப்பில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்பில் செருகினால் பாட்டுக்கு அடியில் ‘ஊங்’ என்று ஓர் இரைச்சல் ஓடும், மௌஸை நகர்த்தினால் ‘கிர்ர்’ என்று இன்னொன்று சேரும்.

எண்களாக இருக்கும் பாட்டை ஆம்ப்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றுவதுதான் டேக் (DAC) என்ற கருவியின் வேலை. டிவிக்குள்ளும் லேப்டாப்புக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சத்தமெழுப்பும் மற்ற சர்க்யூட்டுகளோடு ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக் கிடப்பதால் அந்த இரைச்சலும் ஒயர் வழியே வந்துவிடுகிறது. வெளியே ஒரு டேக் வைப்பதன் பெரிய பயன், இந்த இரைச்சலை விட்டு விலகுவதுதான். மூன்று வகை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஆப்டிக்கல் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பெயரில்லாத பெட்டி இணையக் கடைகளில் 30 வெள்ளிக்கே (ரிங்கிட்) கிடைக்கும். ஃபியோ டி03கே போன்ற பெயர் தெரிந்த பெட்டிக்குக் கூடக் கொடுக்க வேண்டும். டிவிக்கு இதை அடிக்க வேறு ஆள் இல்லை. ஆப்டிக்கல் ஒயரில் போவது வெறும் வெளிச்சம், மின்சாரமே இல்லை. அதனால் டிவி பக்கத்து ‘ஊங்’ இந்த ஒயர் வழியாக ஆம்ப் வரை வரவே முடியாது. எங்கள் பக்கம் சாயங்காலமானால் இடிமழை. மின்னல் பக்கத்தில் இறங்கும்போது கூரைமேல் இருக்கும் டிஷ் ஒயர் வழியாக டிவிக்குள் பாய்வது, அங்கிருந்து இந்த ஒயரைப் பிடித்து ஆம்ப்புக்குத் தாவாது. பிளக் வழியாக வருவதை இது தடுக்காது, எனவே இடி இடித்தால் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இதை மாட்டியதும் பலர் ‘சத்தமே வரவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை பெட்டியில் இருக்காது. ஒயர் முனையில் கண்ணாடி போன்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், முதலில் அதைக் கழற்ற வேண்டும். அப்புறம் டிவி மெனுவில் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்ற வேண்டும். டால்பியில் விட்டால் இந்த மலிவுப் பெட்டிகளுக்கு அது புரியாது. மௌனம் அல்லது கரகரப்புதான். இன்னொன்று, பல டிவிகளில் ஆப்டிக்கல் வழியாகப் போகும் ஒலியை டிவி ரிமோட் கூட்டாது, குறைக்காது. ஆம்ப்பின் திருகைத்தான் திருப்ப வேண்டும். அம்மாவுக்கு இது பழக ஒரு வாரம் ஆனது.

போனுக்கு ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர். அமெரிக்காவில் 9 டாலர். அந்தச் சின்னத் துண்டு ஒயருக்குள் ஒரு முழு டேக் இருக்கிறது, அதுவும் நல்ல டேக். லேப்டாப்பில் செருகினால் ஏறக்குறைய 1 வோல்ட் தரும். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் என்பதால் ஆம்ப்பின் திருகைக் கொஞ்சம் கூடத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் இதன் ஒலி முழுதாக ஏறுவதில்லை, முனகலாகவே நிற்கும். உங்கள் போனில் செருகிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

அப்பா கேட்பது வானொலிதான். அந்தக் கால ரேடியோ 6, இப்போதைய மின்னல் எஃப்எம். போனில் ஆர்டிஎம்கிளிக் ஆப் வழியாகப் பிடித்து இந்த அடாப்டரில் ஆம்ப்புக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “செய்தி வாசிக்கிற அம்மா மூச்சு வாங்கறதுகூட கேக்குதுடா” என்றார். இரைச்சல் போனால் கிடைப்பது இதுதான்.

மூன்றாவது, லேப்டாப்பின் யூஎஸ்பியில் மாட்டும் பெஹ்ரிங்கர் யூசிஏ202 பெட்டி. ஒலியை எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்கும் என்பதைச் சொல்லும் இதன் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸைப் பார்த்துப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், அதற்குமேல் நம் காதுக்குத் தேவையில்லை. மூன்றில் விலை கூடியது இதுதான், என் மனசுக்குப் பிடித்ததும் இதுதான். காரணம், இதில் ஒலி வெளியே போவதோடு உள்ளேயும் வரும். கேசட் பிளேயரை இதில் மாட்டி ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். குறையும் உண்டு. லேப்டாப்போடு யூஎஸ்பி ஒயரால் கட்டிப்போட்டது என்பதால் ‘கிர்ர்’ போனாலும் ‘ஊங்’ மிச்சமிருக்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் எங்கள் வீட்டில் அது நின்றுவிட்டது.

புளூடூத் ரிசீவரும் ஒருவகை டேக்தான். வசதி. ஆனால் டிவியோடு சேர்த்தால் வாயசைப்பு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிந்தும். எனக்கு வேண்டாம்.

சரி, சில நூறு வெள்ளி கொடுத்து வாங்கினால் இன்னும் நன்றாக இருக்காதா? நண்பரிடம் டாப்பிங் இ30 என்ற விலை கூடிய டேக் ஒன்றை இரவல் வாங்கி ஆப்பிள் அடாப்டரோடு மாற்றி மாற்றிக் கேட்டோம். முதலில் டாப்பிங்தான் அருமை என்று தம்பி அடித்துச் சொன்னான். காரணம், அதன் சத்தம் கூடுதல். சத்தம் கூடினாலே காது அதை நல்லதென்று எடுத்துக்கொள்ளும். மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின் எது எதுவென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. காத்தாடி சுற்றும், தகரத்தில் மழை விழும் ஹாலில் அந்த நுட்பமெல்லாம் எங்கே கேட்கப் போகிறது?

அந்தக் காசை ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். முன்பக்க வலையைக் கழற்றிப் பாருங்கள். பழைய பெட்டிகளில் கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையம் நம் ஊர்ப் புழுக்கத்தில் உளுத்து, தொட்டால் உதிரும். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. ஈப்போவில் கொடுத்துப் புது வளையம் ஒட்டி வாங்கினோம். டேக் மூன்றும் சேர்ந்து தராத மாற்றத்தை, தவிலின் தொப்பிப் பக்கத்து அதிர்வை, அந்த ஒரு வேலை திருப்பிக் கொடுத்தது.

இப்போது டிவிக்கு ஆப்டிக்கல் பெட்டி, வானொலிக்கு அடாப்டர், கேசட்டுக்கு யூசிஏ202. பிஸ்கட் டின் நிறைய கேசட் இருக்கிறது, எல்லாம் அப்பாவின் கையெழுத்தில். சி-90 என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஓடவிட்டுக் காத்திருப்பதைத் தவிரக் குறுக்குவழி கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று வைத்திருக்கிறோம். அடுத்தது எது என்பதை அப்பா எடுத்துக் கொடுக்கிறார்.