ஃபார்மலின் முதல் டிபிஎக்ஸ் வரை: பல வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டவை

உடல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும்படி ஸ்லைடாக்கும் ஹிஸ்டாலஜி லேபில் பல வருடங்களாக ஃபார்மலின், மெழுகு, திசுவை மெல்லிய ஏடாக வெட்டும் மைக்ரோடோம், ஸ்லைடை ஒட்டி மூடும் டிபிஎக்ஸ் எல்லாவற்றோடும் புழங்கி வருகிறேன். புதிதாக ஸ்லைடு செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாயம் நல்லது, எந்த மைக்ரோடோம் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் பின்னால் வரவேண்டிய கேள்விகள். சாயம் சரியாகப் பிடிக்கவில்லையா, அதே பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) இன்னொரு செக்ஷன் (மெல்லிய ஏடு) வெட்டிக்கொள்ளலாம். திசு மெழுகில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதா, உருக்கி நேராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபிக்ஸேஷனுக்கு, அதாவது திசுவைக் கெடாமல் பதப்படுத்துவதற்கு, முன்பே அழுகத் தொடங்கிய திசுவை எதனாலும் மீட்க முடியாது.

அதனால் என் முதல் ஓட்டு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினுக்கு. இந்தப் பத்து சதவீதக் கணக்கு பலரைக் குழப்பும். புட்டியில் வரும் ஃபார்மலினே 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல்தான். அதில் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால், உண்மையில் கிடைப்பது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்த ஃபெர்டினாண்ட் ப்ளும், தன் விரல் தோல் விறைப்பதைக் கவனித்து, இது திசுவைப் பதப்படுத்தவும் உதவும் என்று 1893-ல் எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை இதை ஓரங்கட்ட வேறொன்று வரவில்லை. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் செல்லின் வடிவம் அப்படியே நிற்கிறது.

அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் பஃபரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பஃபர் இல்லாத ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகிவிடும். அப்புறம் மண்ணீரல் போன்ற ரத்தம் நிறைந்த திசுக்களில் பழுப்புக் கறுப்பாகத் துகள்கள் படியும். பார்த்தால் மலேரியா நிறமியோ என்று சந்தேகம் வரும். பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்துவிடலாம்தான், ஆனால் வராமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். துண்டு 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டக்கூடாது. ஃபார்மலின் திசுவைப் போலப் பத்து மடங்காவது, முடிந்தால் இருபது மடங்கு இருக்கவேண்டும். ஃபார்மலின் உள்ளே இறங்கும் வேகம் குறைவு. இறங்கிய பிறகும் பிணைப்பு முழுமையாக நேரம் வேண்டும். சின்னத் துண்டுக்கும் ஒரு முழு நாள் கொடுப்பது நல்லது. பெரிய துண்டை அப்படியே போட்டால் வெளிப்புறம் கெட்டியாகி, நடுப்பகுதி தன் நொதிகளாலேயே கரையத் தொடங்கிவிடும். அடியில் ஒட்டாமல் இருக்க ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர் போட்டுவைத்தால் எல்லாப் பக்கமும் ஃபார்மலின் படும்.

ஃபார்மலினுக்குப் பதிலாகத் திசுவைப் பதப்படுத்தும் பூவேன் கரைசலையும் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். விந்தகத் திசுவுக்கு அது தரும் உட்கரு விவரம் ஃபார்மலினில் வராது. மஞ்சள் கறை போக 70 சதவீத ஆல்கஹாலில் பலமுறை அலசவேண்டும். பூவேனிலுள்ள பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் தன்மை உடையது, புட்டி எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும். பின்னால் டிஎன்ஏ சோதனை வேண்டியிருக்கும் என்றால் பூவேனைத் தொடவே வேண்டாம்.

பதப்பட்ட திசுவின் நீரை நீக்கும் ஆல்கஹால் படிகளும், ஆல்கஹாலை வெளியேற்றி மெழுகுக்கு வழிவிடும் சைலீனும், மெழுகும் பழகிவிட்டால் தானாக ஓடும். சைலீனில் தேவைக்குமேல் விட்டால் திசு மொறுமொறுப்பாகி, வெட்டும்போது நொறுங்கும். லிமோனீன் வகை மாற்றுத் திரவமும் வேலை செய்கிறது, ஆனால் அது மெதுவாக இறங்கும், வாடையும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. வெட்டுவதற்கு முன் பிளாக்கை ஐஸில் வைத்தால் 4 மைக்ரான் தடிமனுள்ள செக்ஷன்கள் தொடராக, ரிப்பன்போலச் சீராக வரும். செக்ஷனை மிதக்கவிடும் வெந்நீர் மெழுகின் உருகுநிலைக்குப் பத்து டிகிரி குறைவாக இருந்தால் சுருக்கம் விரியும், செக்ஷனும் குலையாது.

செக்ஷன்மேல் மெல்லிய கண்ணாடியை (கவர்ஸ்லிப்) ஒட்டும் மவுன்டிங்கில், மரப்பிசினான கனடா பால்சமா, செயற்கைப் பிசினான டிபிஎக்ஸா என்றால், தயக்கமில்லாமல் டிபிஎக்ஸ். பால்சம் வருடங்கள் போகப்போக மஞ்சளாகும், அதன் அமிலத்தன்மையில் சில சாயங்கள் வெளிறும். டிபிஎக்ஸ் நிறமற்றதாகவே நிற்கிறது. அதன் குறை, உலரும்போது சுருங்கும். கஞ்சத்தனமாக விட்டால் கவர்ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து காற்று உள்ளே வந்துவிடும். மவுன்ட் செய்யும் முன் துளி ஈரம் இருந்தாலும் பால்போல மங்கும். அப்படி ஆனால் சைலீனில் கவர்ஸ்லிப்பைக் கழற்றி, முழு ஆல்கஹாலுக்குத் திரும்பி, மறுபடி சைலீன் வழியாக வந்து மவுன்ட் செய்யலாம்.

சேமிப்பைப் பற்றி: ஈரத் திசுவை ஃபார்மலினிலேயே மாதக்கணக்கில் விடாதீர்கள். செல் வடிவம் ஓரளவு தெரியும், ஆனால் டிஎன்ஏ துண்டுதுண்டாகிவிடும், குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்களும் பலவீனமாகும். மெழுகு பிளாக்காக்கிக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். சாயமேற்றாத செக்ஷன்களை முன்கூட்டியே வெட்டி அடுக்கிவைப்பதை நான் விரும்புவதில்லை. காற்றுபடும்போது இம்யூனோ சாயம் பிடிக்கும் ஆன்டிஜென் மெல்லமெல்லக் குறையும். பிளாக் பத்திரமாக இருந்தால் தேவைப்படும்போது வெட்டிக்கொள்ளலாம். சாயமேற்றிய ஸ்லைடுகளை வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள்.

ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட் ஓடாத நாளில் புட்டியைத் திறப்பதில்லை என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திசுத் துண்டை வைக்கும் கேசட்டிலும் ஸ்லைடின் மங்கலான ஓரத்திலும் பென்சிலால் எழுதுங்கள். சாதாரணப் பேனா மை ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்து, எந்தத் திசு யாருடையது என்று தெரியாமல் போய்விடும்.